ஈரம் சேராத பயணச் சாப்பாடு

(கோடை விடுமுறைக்கு முன், நீண்ட ரயில் பயணம் போகும் குடும்பங்களுக்காக ஒரு பொது நூலக அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் புது டெல்லி போய்ச் சேர ஏறக்குறைய 33 மணி நேரம் ஆகிறது. கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையில் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மூன்று நாளுக்கு மேல் வண்டியிலேயே குடித்தனம். திருப்பூரில் வேலை பார்க்கும் வடகிழக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போவதும், விடுப்பு முடிந்த ஜவான்கள் முகாமுக்குத் திரும்புவதும், அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் காட்பாடியில் இறங்குவதும் இப்படிப்பட்ட வண்டிகளில்தான். கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, கீமோ முடிந்து வீடு திரும்பும் அம்மா என்று எல்லோரும் ஒரே பெட்டியில் இருக்கிறார்கள். நடுவழியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் அவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் சாப்பாட்டு மூட்டையைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுதையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நெடும் பயணத்துக்குச் சாப்பாடு கட்டுவதில் நம் வீடுகளில் ஒரு வரிசை உண்டு. முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அடுத்த வேளைக்குப் புளியோதரை. அதற்கப்புறம் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். இப்போது அந்த வரிசையில் பிரெட்டும் சேர்ந்துவிட்டது. சமைக்க நேரமில்லாதவர்கள், ஹாஸ்டலிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு ஓடும் மாணவர்கள், பிள்ளை வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறது என்று கவலைப்படும் தாய்மார்கள், எல்லோரும் இரண்டு பாக்கெட் பிரெட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பிரெட் நல்ல வழித்துணைதான். அதற்குள் எதை வைக்கிறோம், எப்போது வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. முட்டை, உருளைக்கிழங்கு, தக்காளி, சட்னி எல்லாம் வைத்து, முக்கோணமாக வெட்டி, ஃபாயிலில் சுற்றி, காலையில் கட்டியதை ராத்திரி பிரித்துப் பிள்ளை கையில் கொடுக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஃபிரிட்ஜ் இல்லாத பயணத்தில் சாண்ட்விச்சைச் செய்து எடுத்துப் போகாதீர்கள். அதன் சாமான்களை எடுத்துப் போங்கள். உலர்ந்தது உலர்ந்ததாகவே இருக்கட்டும், முழுசாக இருப்பது முழுசாகவே இருக்கட்டும். சாப்பிடுகிற நேரத்தில், அந்த வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மும்பைத் தெருவோரத்தில் சாண்ட்விச் விற்பவரைக் கவனித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வெண்ணெயும் பச்சைச் சட்னியும் தடவி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் என்று அடுக்கி, நாம் கேட்ட பிறகு கட்டிக் கொடுக்கிறார். நாம் அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். அந்தப் பண்டம் பத்து நிமிஷத்துக்காகச் செய்யப்பட்டது. அதையே பத்து மணி நேரம் பையில் வைத்தால் அது வேறு பண்டம்.

ஏன் என்று கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகள் என்று ஒரு சுவரொட்டியை 2001-இல் வெளியிட்டது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தை ஆபத்தான எல்லை என்கிறார்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. மே மாதத்தில் சென்னை, விஜயவாடா, நாக்பூர் மூன்றிலும் பகலில் 32 டிகிரிக்குக் கீழே எப்போது இறங்குகிறது? "நாங்கள் ஏசி கோச்சில்தானே போகிறோம்" என்று சிலர் சொல்கிறார்கள். ஏசி பெட்டிக்குள் இருப்பது இருபத்துமூன்று, இருபத்துநான்கு டிகிரி. நமக்குத்தான் அது குளிர். முட்டைக்கும் சீஸுக்கும் அது ஆபத்தான எல்லையின் நட்டநடு.

சில பாக்டீரியாக்கள் நல்ல சூழல் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஒன்றே ஒன்றில் தொடங்கினாலும் எட்டு மணி நேரத்தில் இருபத்துநான்கு முறை இரட்டித்து ஒரு கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். இது காகிதக் கணக்கு. டப்பாவுக்குள் எல்லா நேரமும் அந்த வேகத்தில் நடக்காது. ஆனாலும் காலையில் நன்றாக இருந்தது ராத்திரி எப்படிக் கெட்டது என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பதில் சொல்கிறது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நம் மூக்கிலும் தோலிலும், ஆறாத சிறு காயத்திலும் குடியிருக்கிறது. முட்டையை உரிக்கும் கை, கிழங்கை மசிக்கும் கை வழியாக அது உணவில் சேர்ந்து, கதகதப்பில் பெருகி, நஞ்சைச் சுரக்கிறது. பாக்டீரியா சூட்டில் செத்துவிடும். அந்த நஞ்சு சாதாரணச் சூட்டுக்கு அழியாது. சோற்றிலும் கிழங்கிலும் வரும் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சும் அப்படியேதான். "லேசாகச் சூடு பண்ணிச் சாப்பிட்டால் போச்சு" என்ற பேச்சு இந்த இரண்டிடமும் எடுபடாது. அதோடு, இந்த நஞ்சு சேர்ந்த உணவில் வாடையோ ருசி மாற்றமோ இல்லாமல் இருக்கலாம். ஊசிப்போன வாடை வந்தால் எறிந்துவிடுவோம், நூல் விட்டால் எறிந்துவிடுவோம். அதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால் மோந்து பார்த்து நல்லதென்று தீர்ப்புச் சொல்ல மூக்கால் முடியாது. வாடை வந்தது கெட்டது என்பது சரி. வாடை வராதது நல்லது என்பது சரியில்லை. நேரத்தைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் நுண்ணுயிருக்குக் கிடைக்கும்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். உப்பும் சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உணவு அறிவியலில் இந்தக் கிடைக்கும் ஈரத்தைச் சுத்தத் தண்ணீருக்கு 1 என்று வைத்து அளக்கிறார்கள். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.91-க்கு மேல் வேண்டும். மேலே சொன்ன ஸ்டெஃபிலோகாக்கஸ் 0.86 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். பூஞ்சைகளில் சில அதற்கும் வெகு கீழே வளரும். ஜாம் பாட்டிலில் பூஞ்சை பூப்பது அதனால்தான். தேன் 0.6-ஐ ஒட்டி நிற்கிறது. ஈரத்தோடு புளிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமிலத்தை அளக்கும் பி.எச். 4.6-க்குக் கீழே போய்விட்டால் மிகக் கொடிய பாட்டுலினம் பாக்டீரியா அங்கே முளைக்காது.

ஜெர்மானிய அறிஞர் லோதார் லைஸ்ட்னர் இதை வைத்து ஒரு கோட்பாடே வகுத்தார். ஒரே ஒரு பெரிய தடையை வைக்காமல், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் சூடு, கொஞ்சம் வறட்சி என்று சின்னச் சின்னத் தடைகளை வரிசையாக நிறுத்தினால் நுண்ணுயிரால் எல்லாவற்றையும் தாண்ட முடியாது என்றார். நம் புளிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். புளி, உப்பு, நல்லெண்ணெய், சுண்டச் சுண்டக் கொதித்த கொதி. நான்கு தடை நிற்கிறது. அதனால் பாட்டிலில் பல நாள் இருக்கிறது. அதையே சோற்றில் பிசைந்த நிமிஷத்திலிருந்து கதை மாறுகிறது, சோறு ஈரம். புளியோதரையை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். புளிக்காய்ச்சலுக்குப் பொருந்துகிற கணக்குதான் சாண்ட்விச்சுக்கும்.

இப்போது சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிரெட்டுக்கு ஃபிரிட்ஜே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தால் அதன் மாவுச்சத்து இறுகி இன்னும் சீக்கிரம் வறட்டுப் பண்டமாகிவிடும். கடை பிரெட்டில் பூஞ்சையைத் தள்ளிப்போடக் கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பது வழக்கம். கவரில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து, அன்றைக்கு வந்த பாக்கெட்டாக வாங்குங்கள். பேக்கரியில் சுடச்சுட வாங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஆவி உள்ளேயே வியர்த்து மறுநாளே பூஞ்சை பூக்கும். ஒரு துண்டில் பச்சைப் புள்ளி தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். வெயில் காலத்தில் பிரெட் நடுவில் பிசுபிசுத்து, பிய்த்தால் நூலாக இழுத்து, பழுத்துப்போன பழ வாடை அடித்தால் அதுவும் குப்பைக்குத்தான். ஒரு முழு நாளைத் தாண்டும் பயணமென்றால் பிரெட்டில் பாதியும் சப்பாத்தியில் பாதியுமாக எடுத்துப் போகலாம்.

சப்பாத்தி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விண்வெளியில் பிரெட் உதிர்ந்தால் அதன் தூள் மிதந்து கருவிகளுக்குள் போய்விடும். 1965-இல் ஜெமினி 3 விண்கலத்தில் ஜான் யங் தன் உடுப்பில் ஒளித்து எடுத்துப் போன சாண்ட்விச் அப்படித்தான் உதிரத் தொடங்கியது. 1985-இல் மெக்சிகோ நாட்டு விண்வெளி வீரர் ரொடால்ஃபோ நேரி வேலா தன் ஊர் டார்ட்டியாவை எடுத்துப் போனார். நம் சப்பாத்திக்குச் சொந்தக்காரப் பண்டம் அது. அதற்குப் பிறகு நாசா அதையே பழக்கமாக்கிக்கொண்டது. ஈரத்தைக் குறைத்து, ஆக்சிஜன் இல்லாத உறையில் அடைத்து, ஃபிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் வைக்கும்படி செய்தார்கள். நம் மைசூரில் 1961-இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் எல்லையில் நிற்கும் ஜவான்களுக்காக நாள்பட இருக்கும் சப்பாத்தியை உருவாக்கியது. இரண்டு இடத்திலும் வேலை ஈரத்தோடுதான்.

தடவுவதற்கு என்ன எடுக்கலாம்? வேர்க்கடலை வெண்ணெயில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை, அதை எடுங்கள். ஜாமை எடுங்கள். பழனிப் பஞ்சாமிர்தம் இருந்தால் அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய் எல்லாம் சேர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் செய்வது. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. பிள்ளைகளுக்குப் பிரெட்டில் தடவிக் கொடுத்துப் பாருங்கள். காரம் வேண்டுகிறவர்களுக்கு இட்லி மிளகாய்ப்பொடியை நெய்யில் குழைத்துத் தடவினால் போதும், சட்னியே வேண்டாம். ஈழத்தில் பாணோடு சீனிச் சம்பல் வைத்துச் சாப்பிடுவார்கள். வெங்காயத்தைப் புளியும் சர்க்கரையும் காரமும் சேர்த்து எண்ணெயில் நன்றாக வதக்கி இறக்குவது அது. தேங்காய்ப்பால் சேர்க்காமல், நீர் வற்ற வதக்கினால் வழிக்குத் தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. அதை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஈரமில்லாத பண்டத்தில் நுண்ணுயிர் வளராதே தவிர, அங்கே செத்துப்போவதும் இல்லை. ஈரக் கரண்டியைப் போட்டால் எழுந்துகொள்ளும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் பாட்டி என்ன சத்தம் போடுவாரோ, அதே சத்தத்தை ஜாம் பாட்டிலுக்கும் போட வேண்டும். ஒரு வேளைக்கு ஆகும் அளவில் சின்னச் சின்ன டப்பாக்களில் எடுத்துப்போனால் இந்தத் தொல்லையே இல்லை.

டேபிள் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மிச்ச ஈரம் சின்னத் துளிகளாகக் கொழுப்புக்குள் சிறைப்பட்டிருக்கிறது. உப்பு வெண்ணெயில் உப்பும் அந்தத் துளிகளுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வெண்ணெய் பால்போல் சட்டென்று கெடாது. ஆனால் நம் வெயிலில் உருகிப் பிரிந்துவிடும். நெய்யை எடுத்துக்கொண்டு போவதே மேல்.

சீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதப்படுத்திய சீஸுக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் காப்புரிமை வாங்கினார். டின்னில் அடைத்த அந்தச் சீஸ் முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போனது. ஃபிரிட்ஜ் இல்லாத இடத்துக்கென்றே வளர்ந்த பண்டம் என்று சொல்லலாம். ஆனால் இன்று கடையில் நாம் வாங்கும் ஸ்லைஸும் க்யூபும் குளிரில் வைக்கச் சொல்லியே வருகின்றன. உறையில் போட்டிருப்பதைப் படியுங்கள். குளிர் வேண்டும் என்றிருந்தால் முதல் வேளைக்கு மட்டும். எந்த டின்னானாலும் திறந்தபின் மிச்சம் வைக்கக் கூடாது.

முட்டையிடம் வருகிறேன். நம் ஊர்க் கடையில் முட்டை வெளியேதான் அடுக்கியிருக்கிறது. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருந்து உள்ளே கிருமி போகாமல் காக்கிறது. அமெரிக்காவில் முட்டையைக் கழுவி விற்பதால் அந்தப் பூச்சு போய்விடுகிறது, அங்கே ஃபிரிட்ஜ் கட்டாயம். வேகவைத்தாலும் அதே கதி. பூச்சு போய், ஓட்டின் நுண்துளைகள் திறந்துவிடுகின்றன. "வேகவைத்ததுதானே, கூட நாள் இருக்கும்" என்பது தலைகீழ் எண்ணம். வீட்டில் அவித்த முட்டையை, அதிலும் உரித்த முட்டையை, ஏறிய உடனே சாப்பிட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு முட்டை வேண்டுமென்றால் வண்டியில் கண்முன்னால் ஆவி பறக்க வரும் ஆம்லெட்டை வாங்கி உங்கள் பிரெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறிக் கிடப்பதை வாங்க வேண்டாம்.

மயோனைஸ் விஷயத்தில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கம்பெனி மயோனைஸில் வினிகர் புளிப்பு உண்டு, அது அவ்வளவு எளிதில் கெடாது. அதில் கலக்கும் கோழியும் முட்டையும் கிழங்கும் புளிப்பை நீர்க்கச் செய்துவிடுவதுதான் கேடு. பச்சை முட்டையில் கடைகளில் அடிக்கும் மயோனைஸ் வேறு கதை. தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை போட்டது. கேரளத்திலும் தெலங்கானாவிலும் அதற்கு முன்பே தடை வந்தது. பயணத்துக்கு ஒரு முறை கிழித்துப் பயன்படுத்தும் சின்ன சாஷே போதும்.

உருளைக்கிழங்கும் பூண்டும் தனியாக நிறுத்திப் பேச வேண்டியவை. இரண்டும் மண்ணுக்குள் விளைகின்றன, பாட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகளும் மண்ணில்தான் இருக்கின்றன. அந்த வித்துகள் கொதிநீருக்குச் சாகாதவை. காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமான இடத்தில் அவை முளைத்துச் சுரக்கும் நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. கண் இமை தொங்குவதில் தொடங்கி மூச்சு நிற்பது வரைக்கும் போகும். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாண்ட்விச் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. காரணம், எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டு. புளிப்பும் சேர்க்கவில்லை, குளிரிலும் வைக்கவில்லை. எண்ணெய் மேலே மூடிக்கொண்டு காற்றைத் தடுத்ததே அங்கே வினையாகிவிட்டது. 1994-இல் டெக்சஸின் எல் பாசோ நகரில் ஃபாயிலில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கைப் பல நாள் வெளியே வைத்திருந்து, அதில் செய்த தொட்டுக்கையைச் சாப்பிட்டு 30 பேர் விழுந்தார்கள்.

இந்த இரண்டையும் நான் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பச்சைப் பூண்டை நசுக்கி எண்ணெயில் போட்டு, பிரெட்டில் தடவவென்று பாட்டிலில் அடைத்து எடுத்துப் போகும் பழக்கம் இப்போது பரவுகிறது. அதை விட்டுவிடுங்கள். பூண்டு வேண்டுமென்றால் உப்பும் புளிப்பும் உறைக்கச் சேர்த்த பூண்டு ஊறுகாய் இருக்கிறது, வெயிலில் காய்ந்த பூண்டுப் பொடி இருக்கிறது. கிழங்கு மசாலாவைப் பொறுத்தவரை, மசித்த கிழங்கு ஈரம், புளிப்பில்லை, கை பட்டது, சூட்டை நெடுநேரம் உள்ளே வைத்துக்கொள்வது. கெடுவதற்கு வேண்டிய எல்லாமே அதில் சேர்ந்திருக்கிறது. ஏறிய முதல் வேளையைத் தாண்டி அதை வைக்காதீர்கள்.

காய்களுக்கு ஒரே விதி. முழுசாக எடுத்துப் போங்கள். தக்காளியின் தோல்தான் அதன் காவல். 2007-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வெட்டிய தக்காளியையும் குளிரில் வைத்தாக வேண்டிய உணவுகளின் பட்டியலில் சேர்த்தது. முழுத் தக்காளி அதில் இல்லை. வெட்டிய நேரத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. வீட்டிலேயே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்து, பருத்தித் துணிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளரி, கேரட், வெங்காயம், எலுமிச்சை எல்லாம் இப்படி ஒரு நாளுக்கு மேல் தாராளமாக வரும். கழுவிய ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் சாயங்காலமே வழவழப்பு வந்துவிடும். கொத்தமல்லி, புதினாவை மட்டும் எடுத்துப் போக வேண்டாம். இலைகளுக்கிடையில் ஒட்டிய மண் எளிதில் போவதில்லை, வண்டியில் கழுவவும் வழியில்லை. சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாள் கூடாது. அச்சு மையில் இருப்பது உணவில் இறங்கும்; உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளும் அதைத் தடை செய்கின்றன. வாழையிலை, மந்தாரை இலை இருக்க நமக்கு என்ன குறை!

சூடாகக் கட்டுவதா, ஆறவைத்துக் கட்டுவதா என்று எங்கே போனாலும் கேட்கிறார்கள். இரண்டும் சரி, நடுவில் நிற்பதுதான் தப்பு. இட்லியை வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு அழுத்தி மூடுகிறோம். அரை மணி கழித்து அந்த மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். விளிம்பில் சேர்ந்து ஒவ்வொன்றாக மேல் இட்லியின் மேல் சொட்டும். அந்த இடம் மட்டும் வெளுத்து, ஊறி, கொழகொழத்துப் போயிருக்கும். அந்தக் கொழகொழப்பிலிருந்துதான் முதலில் ஊசத் தொடங்கும். ஒன்று, ஃபிளாஸ்கில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவைப் போட்டு 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்து அடுத்த வேளைக்குள் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் தாம்பாளத்தில் பரப்பி, விசிறியின் கீழ் நன்றாக ஆறவிட்டு, ஆவி அடங்கியபின் கட்டுங்கள்.

ஈரத்துணி சுற்றினால் குளிருமே என்பார்கள். குளிரும், காற்று வறண்டிருந்தால். பல்லார்ஷா, நாக்பூர் பக்கம் மே மாதக் காற்றில் ஈரத்துணி சுற்றிய தண்ணீர் பாட்டில் நன்றாகவே குளிரும். சென்னையிலும் நெல்லூரிலும் கடற்காற்றின் புழுக்கத்தில் துணி காயவே காயாது, குளிரவும் செய்யாது. நாக்பூர் பக்கத்திலும்கூட அது தண்ணீருக்கும் தக்காளிக்கும்தான் ஆகும். 5 டிகிரிக்கு அதனால் இறங்க முடியாது. ஃப்ரீசரில் உறையவைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தடித்த பையில் நடுவில் வைத்தால் முதல் சில மணி நேரத்துக்கு உதவும், உருகியதும் குடிக்கலாம். ஸ்டேஷனில் உடைத்து விற்கும் ஐஸைச் சாப்பாட்டோடு சேர்க்க வேண்டாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வண்டியிலேயே சமைத்துக்கொள்ளலாமே என்று தயவுசெய்து யாரும் எண்ணாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ஸ்டேஷனில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி எடுத்து வந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து ராமேஸ்வரம் தரிசனத்துக்கு வந்தவர்கள். வழியில் தங்கள் ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவர்களிடம் வேறு குற்றம் என்ன இருந்தது? அந்த ஆசைக்கு அடுப்பில்லாத வழி உண்டு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

சரி, நான்கு பேர் குடும்பம் மே மாதத்தில் டெல்லிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி வண்டி. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். காலையில் பல் துலக்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் எடுக்காது. பெர்த்தில் சுத்தமான துணியை விரித்து பிரெட், வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம். வாழைப்பழத்தை அப்போதுதான் உரிக்க வேண்டும். மதியம் சப்பாத்தி, நன்றாகச் சுண்டிய தக்காளித் தொக்கு, அங்கேயே நறுக்கிய வெள்ளரி, மேலே எலுமிச்சையும் உப்பும். வெள்ளரிக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கத்தியும் தட்டும். சாயங்காலம் பிரெட்டில் நெய்யும் மிளகாய்ப்பொடியும், முழுத் தக்காளி ஒன்றை நறுக்கி வைத்து. ராத்திரிக்குச் சூடாக எதுவும் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பிரெட்டும் பஞ்சாமிர்தமும். பையில் நான்கு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும். யாருக்காவது வாந்தி ஆரம்பித்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு முழுப் பொட்டலத்தைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே 139-க்குப் போன் செய்து அடுத்த ஸ்டேஷனில் டாக்டரைக் கேளுங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கீமோ எடுத்தவர்களுக்கும் காத்திருந்து பார்க்கும் யோசனையே வேண்டாம்.

டெல்லியில் இறங்கும்போது பையில் திறந்த சீஸ் டின், மிச்சமான முட்டை என்று ஏதாவது கிடந்தால் அதை உறவினர் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஃபிரிட்ஜ் இனிமேல் வளர்வதைத் தாமதப்படுத்தும். வழியில் ஏற்கெனவே ஊறிவிட்ட நஞ்சை அது எடுத்துவிடாது. பிரிக்காத பிரெட், ஜாம், பொடி, முழுக் காய் இவற்றை மட்டும் வீட்டுக்குள் கொண்டு போங்கள். மற்றதை ஸ்டேஷன் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிடுங்கள்.